சேகரனுக்கு அம்மை போட்ட வாரம்

சேகரனுக்கு நாற்பத்தேழு வயதில் அம்மை போட்டது என்பது மலாக்கா பக்கத்து ரெம்பியாவில் அந்தத் தாமான் குடியிருப்பு வரிசை முழுக்கத் தெரிந்த சங்கதி. வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து தொங்கியதை எல்லாரும் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு மோகனா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இன்றைக்குக் கேட்டாலும், "அண்ணனுக்குக் கடுமையா போட்டுச்சு, பாவம். அந்த வயசுல போட்டா தாங்குமா?" என்பாள். போட்டது அம்மையே இல்லை என்று அறிந்தவர்கள் அந்த வரிசையில் இரண்டே பேர். ஒன்று சேகரன். இன்னொன்று அவன் அக்கா முனியாயி.

கோவிட் வருவதற்கு முந்தைய வருஷம் அது.

சேகரன் பிறந்தது அங்கிருந்து உள்ளே தள்ளியிருந்த, ரப்பர்ப்பால் வெட்டும் ஒரு கித்தாத் தோட்டத்தில். தோட்டம் செம்பனையாக மாறி, பிறகு வீடு கட்டுகிறவர்கள் கைக்குப் போனபோது லயத்து வீடுகளிலிருந்த சனங்கள் ஆளுக்கொரு பக்கமாகப் போனார்கள். சேகரன் ஜொகூரில் சாப்பாட்டுக் கடை வேலைக்குப் போனான். முனியாயி புருஷனோடு இந்தத் தாமானில் ஒரு மலிவு வீட்டுக்கு வந்தாள். பிள்ளை குட்டி இல்லை. புருஷனும் போய்ச் சேர்ந்த பிறகு தம்பிக்குப் போன் பண்ணினாள். "அங்க வாடகை ரூம்புல கெடக்குறதுக்கு இங்க வந்து கெட. வாசல்ல ஒரு ஆம்பளச் செருப்பு கெடந்தா எனக்கும் தைரியம்."

வந்தவனுக்கு மலாக்கா நகரத்துப் பாச்சாங்கில் ஜமீல் பாய் சாப்பாட்டுக் கடையில் கறி சமைக்கிற வேலை கிடைத்தது. விடியும் முன் மோட்டாரில் கிளம்பினால், மதியக் கூட்டம் வருவதற்குள் ஆட்டுக் கறி, கோழி, மீன் தலை, சம்பல் எல்லாம் சட்டிகளில் ஆவி விட்டுக்கொண்டிருக்கும். "எங்க வாப்பாவுக்கு அடுத்து மீன் தலைக் கறின்னா இவன்தான்" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லும் ஜமீல் பாய், அதைச் சேகரனிடம் மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை.

ஜொகூரில் சில வருஷம் அவனோடு சேர்ந்து வாழ்ந்த பெண் ஒருத்தி உண்டு. கல்யாணம் என்று ஊருக்குச் சொல்லவில்லை. பிரிந்ததையும் சொல்லவில்லை. அவள் ஒரு மதியம் கூப்பிட்டாள்.

"எனக்கு ரத்தத்துல அந்தக் கிருமி இருக்காம். எச்ஐவி. நீங்களும் போய்ப் பாத்துக்குங்க."

யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற பேச்சை அவளும் எடுக்கவில்லை, அவனும் எடுக்கவில்லை. "மருந்து தர்றாங்களா?" என்று கேட்டான். "தர்றாங்க" என்றாள். அவ்வளவுதான். சேகரன் அன்றைக்கு மிச்சமிருந்த வெங்காயத்தை உரித்து முடித்துவிட்டு வீட்டுக்குப் போனான். அடுத்த வாரம் ரத்தம் கொடுத்தான். அவனுக்கும் இருந்தது.

மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து விளக்கம் சொன்னவள் ஷாந்தினி என்கிற பெண். கதவைச் சாத்திவிட்டுத் தமிழில் பேசினாள்.

"ஒரே மாத்திரைதான் அங்கிள். படுக்கப் போறப்ப ஒண்ணு. எண்ணெய்ச் சாப்பாடு சாப்ட கையோட போடாதீங்க, தலைசுத்தல் கூடிடும். மொத சில வாரம் கஷ்டப்படுத்தும், அப்புறம் உடம்பு பழகிக்கும். கனவு வரும்."

"கனவு எல்லாருக்கும்தானே வருது?"

"இது வேற மாதிரி லா, அங்கிள். முழுப் படம் ஓடும்." சிரித்துவிட்டு முகத்தை மாற்றிக்கொண்டாள். "ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. தோல்ல தடிச்சாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாயில புண்ணு வந்தாலோ எனக்குப் போன் பண்ணணும். நீங்களா நிறுத்தக் கூடாது. விட்டு விட்டுப் போட்டா அந்தக் கிருமி மருந்தப் பழகிக்கும். அப்புறம் இந்த மருந்து கேக்காது."

வீட்டில் புட்டியைப் பார்த்த முனியாயி, "என்னடா இது?" என்றாள்.

"கொலஸ்ட்ரால்" என்றான். வாயில் முதலில் வந்தது அதுதான்.

ஊரே வைத்தியம் தெரிந்து வைத்திருக்கிற வியாதியாகப் பார்த்துச் சொல்லிவிட்டோம் என்பது மறுநாளே புரிந்தது. குழம்பில் தேங்காய்ப்பால் நின்றது. முட்டை நின்றது. மோகனா வெந்தயத்தை ஊற வைத்துக் குடிக்கச் சொன்னாள். எதிர்வீட்டுக்காரர் பூண்டைப் பச்சையாகக் கடிக்கச் சொன்னார். தேங்காய்ப்பால் இல்லாத மீன் குழம்பை முனியாயியும் அவனோடு உட்கார்ந்து முகம் சுளிக்காமல் சாப்பிட்டாள்.

மாத்திரை தன் வேலையைக் காட்டியது. காலையில் எழுந்தால் கள்ளுக்கடையிலிருந்து எழுந்து வந்தவன் மாதிரி தரை சாய்ந்திருக்கும். மோட்டாரைத் தொடப் பயந்து சில நாள் பஸ்ஸில் போனான். கடையில் சம்பலுக்கு வெங்காயமும் பெலாச்சான் இறால் விழுதும் எண்ணெயில் விழுந்தால் போதும், வயிறு எழும்பித் தொண்டைக்கு வரும். இருபது வருஷமாக அந்த வாசனையில் நின்று சோறு தின்றவன், கரண்டியை அப்படியே போட்டுவிட்டுப் பின்கட்டுக்கு ஓடினான்.

ஜமீல் பாய் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன சேகரு, மசக்கையா?"

"வாயு பாய்."

"மூணு நாளாவா? மாங்கா வாங்கியாரச் சொல்லட்டா?"

கடையே சிரித்தது. சேகரனும் சிரித்தான். ஒரு எலுமிச்சையை வெட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, எண்ணெய் காயும்போதெல்லாம் எடுத்து முகர்ந்தபடி சமைத்தான்.

கனவுதான் வீட்டைக் கலைத்தது. ஒரு ராத்திரி செத்துப்போன அப்பா கடைக்குள் வந்தார். தோட்டத்துக்குப் போகிற காக்கிச் சட்டையோடு வாடிக்கையாளர்களுக்கு நடுவில் உட்கார்ந்து, இலையைத் துடைத்துவிட்டுக் காத்திருந்தார். சேகரன் ஒவ்வொரு சட்டியாகத் திறந்தான். எல்லாம் காலி. அப்பாவின் நகத்திடுக்கில் காய்ந்த ரப்பர்ப்பால்கூடத் தெரிந்தது. விழித்தபோது தலையணை நனைந்திருந்தது. மாத்திரையின் கூத்து என்று தெரிந்தும், மனசு ஆறாமல் காலையில் அக்காவிடம் சொல்லிவிட்டான்.

முனியாயி கையிலிருந்த டீயை வைத்துவிட்டாள். "அப்பா பசியோட வந்திருக்காரு."

"வெறும் கனவுக்கா."

"சும்மாவா வருவாரு? எத்தன வருஷமாச்சு அவருக்குப் படைச்சு!"

அந்த வெள்ளிக்கிழமையே படையல் நடந்தது. ஆட்டுக் கறி, நெத்திலி வறுவல், முழுத் தேங்காய் பிழிந்த கோழிக் குழம்பு. "அப்பாவுக்குக் கொலஸ்ட்ரால் இல்ல" என்றாள் முனியாயி. படைத்ததைச் சாப்பிடாமல் எழுந்தால் அப்பா கோபிப்பார் என்று தம்பி இலையில் இரண்டாம் தடவையும் வைத்தாள். எண்ணெய் மிதக்க மிதக்கச் சாப்பிட்டுவிட்டு, ஷாந்தினி சொன்னது ஞாபகம் வந்தும் வேறு வழியில்லாமல் மேலேயே மாத்திரையைப் போட்டான் சேகரன். மறுநாள் கட்டிலை விட்டு எழுந்திருக்கவே மதியம் ஆனது.

அதற்குப் பின் ஓரிரு நாளில், குளித்துவிட்டு இடுப்புத் துண்டோடு கூடத்தைக் கடந்தவனை முனியாயியின் குரல் நிறுத்தியது.

"அப்படியே நில்லு. திரும்பு."

முதுகிலும் நெஞ்சிலும் சிவப்புச் சிவப்பாகத் தடித்திருந்தது. காலையிலிருந்தே அரித்ததை அவன் வேர்க்குரு என்று நினைத்திருந்தான். முனியாயி கிட்டே வந்து பார்த்தாள். பிறகு இரண்டு அடி பின்னால் போய்க் கைகூப்பினாள்.

"ஆத்தா வந்திருக்கா."

"அக்கா, இது என்னமோ ஒத்துக்காம..."

"வாய மூடு. அது இதுன்னு பேசாத. அப்பனுக்குப் படையல் போட்டோம், அவள மறந்துட்டோம். வந்துட்டா. சின்னப் புள்ளையில உனக்குப் போடவேயில்ல, தெரியுமா? எனக்குப் போட்டப்ப உன்ன அத்த வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அப்ப விட்டவ இப்ப வந்திருக்கா."

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. கோயில் பக்கத்து மரத்திலிருந்து வேப்பிலை வந்தது. நிலையில் ஒரு கொத்து, பாயில் ஒரு விரிப்பு, அரிப்பெடுத்தால் தடவிக்கொள்ளக் கையில் ஒரு கொத்து. மோகனா வேலியோரத்திலேயே நிறுத்தப்பட்டாள். ஜமீல் பாய் போனில், "முழுசா எறங்கினப்புறம் வந்தாப் போதும்ப்பா. கடை எங்கயும் ஓடாது. இளநீ குடி" என்றார். எம்சி, டாக்டர் சீட்டு எதுவும் கேட்கவில்லை. அம்மைக்கு எவன் எம்சி கேட்பான்?

கடைசியாக முனியாயி கட்டில் ஓரத்திலிருந்த மாத்திரைப் புட்டியை எடுத்தாள். சாமி மேடையில் மாரியம்மன் படத்துக்கு முன்னால் வைத்து, மேலே இரண்டு வேப்பிலை போட்டாள்.

"ஆத்தா வீட்ல இருக்கையில இங்கிலீசு மருந்து கூடாது. அவளா எறங்குவா. அப்புறம் எடுத்துக்க. கொலஸ்ட்ரால் எங்கயும் போயிடாது."

சேகரன் வேப்பிலைப் பாயில் போய் உட்கார்ந்துகொண்டான்.

அன்றைக்கு மாத்திரை போடாமல் படுத்தான். ஒரு கனவும் வரவில்லை. காலையில் எழுந்தபோது தரை தரையாக இருந்தது, சுவர் சுவராக நின்றது. அம்மை போட்ட வீட்டில் தாளிக்கக் கூடாது என்பதால் எண்ணெய் வாசனையே எழவில்லை. பழைய கஞ்சி, மோர், இளநீர். வயிறு குழந்தை மாதிரி தூங்கியது. அக்கா மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து முதுகில் பூசினாள், பூசும்போது மாரியம்மன் தாலாட்டை அரைகுறையாக முனகினாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. மாத்திரை போடாத உடம்பு இவ்வளவு சுகமா என்று அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. இரண்டாம் ராத்திரியும் போடவில்லை. அக்காவாவது மேடையில் வைத்திருக்கிறாள், நானாக நிறுத்தவில்லையே என்று மனசு வசதியாக ஒரு நியாயம் சொல்லிக்கொண்டது. இப்படியே விட்டுவிட்டால் என்ன? வியாதி என்று சொன்னார்களே தவிர, மருந்தைத் தொடும் வரை அவனுக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லை.

ஆனால் தடிப்பு கழுத்துக்கு ஏறியிருந்தது. ஷாந்தினியின் குரலும் விடவில்லை. அப்புறம் இந்த மருந்து கேக்காது. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுப் போன் பண்ணினான்.

"காய்ச்சல் இருக்கா அங்கிள்? வாயில, கண்ணுல புண்ணு? தோலு கொப்புளிச்சிருக்கா?"

"ஒண்ணும் இல்லம்மா. அரிப்புதான்."

"மாத்திரை போடுறீங்கதானே?"

"ரெண்டு ராத்திரியா இல்ல. சாமி மேடையில இருக்கு."

"எங்க?"

சொன்னான்.

"எங்க வீட்லயும் இப்படித்தான்" என்றாள் ஷாந்தினி. "எனக்குப் போட்டப்ப எங்கம்மா பரீட்சைக்கே விடல. ஆனா இது ஆத்தா இல்லன்னு உங்களுக்குத் தெரியும்ல? இன்னிக்கே வாங்க. டாக்டர் பாத்துத்தான் மருந்தத் தொடரலாமா, மாத்தணுமான்னு சொல்லணும். தள்ளிப் போடாதீங்க."

"அம்மையோட வெளிய கெளம்ப அக்கா விடாதும்மா."

"அப்ப அக்காகிட்ட சொல்லத்தான் வேணும், அங்கிள்."

வாளி நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. குழாயை மூடிவிட்டு வெளியே வந்தான்.

முனியாயி அம்மிக்கு முன்னால் உட்கார்ந்து அடுத்த பூச்சுக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். விரல்கள் பச்சையும் மஞ்சளுமாக இருந்தன.

"அக்கா, இது ஆத்தா இல்ல."

"கன்னத்துல போட்டுக்க."

"மருந்து ஒத்துக்காம தடிச்சிருக்கு. அது கொலஸ்ட்ரால் மாத்திரையும் இல்ல." நின்றபடி சொன்னால் தைரியம் போய்விடும் என்று எதிரில் உட்கார்ந்தான். "எச்ஐவி கிருமி இருக்கு எனக்கு. ஜொகூர்ல இருந்தப்ப வந்தது."

அம்மியில் குழவி நின்றது.

"எய்ட்ஸா?"

"எய்ட்ஸ் ஆகாம இருக்கத்தான் அந்த மாத்திரை. விடாம போட்டா ஒண்ணும் ஆகாதாம். விட்டா கிருமி அதப் பழகிக்குமாம். ரெண்டு நாளா விட்டுட்டேன்."

முனியாயி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள், இல்லாவிட்டால் வீட்டை விட்டுப் போகச் சொல்வாள் என்று இரண்டுக்கும் தயாராக இருந்தான்.

"கொலஸ்ட்ரால்னு சொன்னியேடா, படுபாவி" என்றாள். "வாரக் கணக்கா தேங்காப்பால் இல்லாம கொழம்பு வெச்சுத் தின்னுக்கிட்டு இருக்கேனே! எனக்கென்ன தலையெழுத்து?"

"அக்கா..."

"ஆத்தா பேரச் சொல்லி ஊரையே வேலிக்கு வெளிய நிறுத்தி வெச்சிருக்கேன்!"

திட்டிக்கொண்டே தன் விரல்களைப் பார்த்தாள். திட்டு நின்றது. எழுந்து போய்ப் பாத்திரம் கழுவும் இடத்தில் சோப்பு போட்டுக் கையைக் கழுவினாள். முழங்கை வரைக்கும் கழுவினாள். மறுபடியும் போட்டாள். சேகரன் தலையைக் குனிந்துகொண்டான். வலித்தது. ஆனால் அவனும் அந்த முதல் வாரத்தில் தன் கையை அப்படித்தான் கழுவினான்.

துண்டில் கை துடைத்தபடி வந்தாள். "தொட்டா ஒட்டுமா?"

"ஒட்டாது."

"சொன்னது யாரு?"

"ஆஸ்பத்திரியில ஒரு தமிழ்ப் பொண்ணு இருக்கு. அதுதான் சொல்லுச்சு."

"நானே கேக்குறேன். சட்டையப் போடு."

வாசலில் மோகனா துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். அம்மையோடு மோட்டாரில் ஏறுகிறவனைக் கண்டதும் கையிலிருந்த சட்டை அப்படியே நின்றது. "என்னக்கா, அண்ணன வெளிய கூட்டிக்கிட்டுப் போறீங்க?"

"கனவுல உத்தரவு ஆயிருக்கு. கோயிலுக்கு வந்து தீர்த்தம் வாங்கச் சொல்றா." முனியாயி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. நிலையிலிருந்து ஒரு கொத்தை ஒடித்து ஹேண்டில்பாரில் செருகினாள். மலாக்கா வரைக்கும் அந்தக் கொத்து காற்றில் ஆடிக்கொண்டே போனது. இரண்டு நாளாகத் தலைசுற்றல் இல்லை என்றாலும், தம்பி ஓட்டத்தில் தடுமாறுகிறானா என்று பின்னால் உட்கார்ந்த முனியாயி அவன் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

டாக்டர் முதுகையும் வாயையும் கண்ணையும் பார்த்தார். சாதாரணத் தடிப்புதான், அரிப்புக்கு மாத்திரை தருகிறேன், மருந்தை இன்றைக்கே மறுபடி தொடங்கு, கூடினால் உடனே வா என்றார். அதற்குப் பிறகு ஷாந்தினியின் சின்ன அறையில் முனியாயியின் விசாரணை நடந்தது.

"இவன் ஊருக்கே சமைக்கிறவன்மா. அதச் சாப்பிடறவங்களுக்கு?"

"ஒண்ணும் ஆகாது ஆன்ட்டி. சாப்பாட்டுல வராது."

"ஒரே வீடு. ஒரே தட்டு, கப்பு, கக்கூஸு."

"அதுலயும் வராது. தொட்டாலும் வராது."

"இந்த மாத்திரை சூடா?"

"அப்படின்னா?"

"உடம்புக்குச் சூடான்னு கேக்குறேன். மேலெல்லாம் தடிச்சிருக்கே."

ஷாந்தினி யோசித்தாள். "மோர் குடுங்க, கஞ்சி குடுங்க, தப்பில்ல. ராத்திரியில எண்ணெய்ச் சாப்பாடு வேணாம். வேப்பிலைய மேல பூசிக்கட்டும். உள்ளுக்குக் கஷாயம் கிஷாயம்னு குடுக்குறதா இருந்தா மொதல்ல எனக்குப் போன் பண்ணுங்க."

"தேங்காப்பால்?"

"மதியம் கொஞ்சம் சேத்துக்கலாம்."

முனியாயி தம்பியை ஒரு முறை முறைத்தாள்.

அந்தப் பெண் சொன்னது எல்லாம் அவள் மண்டைக்கு அன்றைக்கே ஏறிவிட்டது. கைக்கு ஏறத்தான் நாள் பிடித்தது. வெகு நாளைக்கு அவன் துண்டைக் கொடியின் அந்தக் கோடியில் தனியாகக் காயப் போட்டாள். அவன் பார்ப்பது தெரிந்தால் வேறொன்றை எடுப்பது போல் நகர்ந்துகொள்வாள். சேகரன் அதைப் பற்றிக் கேட்கவில்லை. எந்த நாளில் அது நின்றது என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

நிலையில் இருந்த வேப்பிலையை அவள் அவிழ்க்கவில்லை. பாதியில் அவிழ்த்தால் மோகனா விடமாட்டாள். போட்ட அம்மைக்கு முறைப்படி மூன்று தண்ணீரும் ஊற்றித்தான் இறக்கியாக வேண்டும் என்று சொல்லிவிட்டாள். அதில் பாதி வரிசைக்காரர்களுக்காக. மீதி, நிஜமாகவே ஆத்தாளுக்காக. கூப்பிட்டு உட்கார வைத்தவளைச் சும்மா அனுப்ப அவளுக்கு மனசில்லை.

சாயங்காலம் கஞ்சி குடித்து நேரமானதும் சாமி மேடைக்கு முன்னால் நின்றாள். "இங்கிலீசு மருந்துன்னு கோவிச்சுக்காத தாயி" என்று சொல்லி, புட்டியை எடுத்துத் தம்பியிடம் நீட்டினாள்.

சேகரன் வாங்கவில்லை. "நாளைக்குத் தொடங்கறேனே அக்கா."

"ஏன்?"

"ரெண்டு நாளாத்தான் மனுசனாத் தூங்கினேன்." குரல் அவனை அறியாமல் இறங்கியது. "உனக்குத் தெரியாது. காலையில நிக்க முடியல. சமைக்கிற எடத்துல வாந்தி வருது. செத்தவங்கல்லாம் வந்து பக்கத்துல உக்கார்றாங்க. இது இன்னும் எத்தன நாளைக்குன்னு தெரியல. ஒரு ராத்திரி, இன்னும் ஒரே ராத்திரி."

முனியாயி அவன் பக்கத்தில் வேப்பிலைப் பாயிலேயே உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் ஒரு இலையைக் காம்பிலிருந்து கிள்ளிக் கிள்ளிப் போட்டாள்.

"அந்தக் கிருமி என்ன பண்ணும்னு சொன்ன?"

"எது?"

"மருந்த விட்டா."

"பழகிக்கும்."

"அப்ப அது பழகறதுக்கு முன்னால நீ பழகிக்க."

மூடியைத் திருகி ஒரு மாத்திரையை அவன் உள்ளங்கையில் வைத்தாள். வைத்தபோது அவள் விரல் அவன் கையில் பட்டது. விரலை எடுத்துக்கொள்ளவில்லை. தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள். சேகரன் மாத்திரையைப் போட்டு, கண்ணை மூடி, ஒரே மடக்கில் விழுங்கினான்.

"ஆ காட்டு."

நாற்பத்தேழு வயசுக்காரன் வாயைத் திறந்து காட்டினான்.

"நாக்கத் தூக்கு."

தூக்கினான்.